துக்கடா என்றால் லேசா? தனிக்குப் பிறகு வரும் அரை மணி நேரம்

கேள்வி இதுதான்: கர்நாடக இசைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்களின் தனி வாசிப்பு) முடிந்த பிறகு பாடும் பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா போன்ற, துக்கடா எனப்படும் சின்ன உருப்படிகள் எங்கிருந்து வந்தன? அவற்றுக்குத் தனி இலக்கணம் உண்டா, அல்லது கீர்த்தனையைச் சுருக்கினால் துக்கடாவா? கற்றுக்கொள்கிறவர் எதில் கவனம் வைக்க வேண்டும்?

கீர்த்தனையைச் சுருக்கினால் சுருங்கிய கீர்த்தனைதான் கிடைக்கும். துக்கடாக்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் பிறந்து, பிழைப்புக்காகவோ பிரியத்துக்காகவோ கச்சேரி மேடைக்குக் குடிவந்தவை. பதமும் ஜாவளியும் சதிரிலிருந்து, அதாவது பரதநாட்டியத்தின் பழைய வடிவத்திலிருந்து வந்தன. தில்லானாவும் சதிரோடு சேர்ந்தது, ஆனால் அரசவை வித்துவான்களின் கையும் அதில் நிறைய. திருப்புகழும் விருத்தமும் கோயிலிலிருந்து. நந்தனார் சரித்திரப் பாட்டு கதாகாலட்சேபத்திலிருந்து, ராமநாடகப் பாட்டு பெயரே சொல்கிறபடி நாடகத்திலிருந்து, காவடிச்சிந்து நடைபயணத்திலிருந்து, அபங்கம் மராத்தி பஜனையிலிருந்து. ஒவ்வொன்றும் பிறந்த வீட்டின் சட்டத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறது. மேடையில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு அந்தச் சட்டத்தை மறப்பதே காரணம்.

துக்கடா என்ற சொல்லுக்கு மராத்தியிலும் இந்தியிலும் 'துண்டு' என்றுதான் பொருள். நீளத்தைக் குறித்த சொல், காலப்போக்கில் தகுதியைக் குறிப்பதாகிவிட்டது. இதில் ஒரு பழைய மனத்தாங்கலும் உண்டு. தமிழ்ப் பாட்டு என்றால் கச்சேரியின் கடைசியில்தான் என்றிருந்த நிலையை எதிர்த்துத்தான் 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது; 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. பதம் பாடுவதையும் நந்தனார் பாட்டைப் பாடுவதையும் 'ஜனரஞ்சகம்' என்று ஒரே கூடையில் போட்டதன் விளைவு அது.

இன்றைய வரிசை, அதாவது வர்ணத்தில் ஆரம்பித்து, மத்யமகால (நடுத்தர வேக) கீர்த்தனைகள் சில, ஒரு விஸ்தாரமான உருப்படி, ராகம் தானம் பல்லவி, பிறகு துக்கடாக்கள் என்ற பத்ததி, அரியக்குடி ராமானுஜ ஐயங்காரால் (1890–1967) நிலைபெற்றது என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். சில உருப்படிகளை மணிக்கணக்கில் பாடுவதை விட்டு, உருப்படிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார். திருப்பாவைக்கு மெட்டமைத்தார்; அருணாசலக் கவிராயரின் ராமநாடகப் பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்தார். சின்ன உருப்படிகளுக்கு நிரந்தரமான ஓர் இடம் அப்படிக் கிடைத்தது. கிராமபோன் தட்டு இன்னொரு காரணம். 78 சுழற்சித் தட்டில் 10 அங்குல அளவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். அதற்குள் அடங்கச் சரணங்களை வெட்டினார்கள், காலத்தைக் கூட்டினார்கள். தட்டில் கேட்டு மனப்பாடம் செய்த அடுத்த தலைமுறை, அந்த வேகத்தையே பாட்டின் இயல்பான வேகம் என்று எடுத்துக்கொண்டது. சில பாடல்கள் இன்றும் அவசரமாகக் கேட்பதற்கு மூலம் அந்தத் தட்டுதான்.

இனி ஒவ்வொன்றாக. எல்லாவற்றுக்கும் சமமாக இடம் தரப்போவதில்லை. பதத்துக்கும் தில்லானாவுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

பதம் என்றால் முதலில் க்ஷேத்ரய்யா. 17ஆம் நூற்றாண்டு, தெலுங்கு, முத்திரை (பாட்டில் வைக்கும் கையொப்பம்) முவ்வகோபாலன். தஞ்சாவூரில் விஜயராகவ நாயக்கர் காலத்து ஆதரவு பெற்றவர். நாலாயிரத்துக்கு மேல் பாடினார் என்பது வழக்கு; கையில் இருப்பவை சில நூறு. தமிழில் முத்துத் தாண்டவர், மாரிமுத்துப் பிள்ளை, கனம் கிருஷ்ணய்யர், வைத்தீஸ்வரன்கோயில் சுப்பராமய்யர் என்று ஒரு நீண்ட வரிசை. கனம் கிருஷ்ணய்யரின் 'வேலவரே' பைரவியிலும் சுப்பராமய்யரின் 'பதறி வருகுது' காம்போஜியிலும் அமைந்தவை. ராகத்தின் முழு உடம்பும் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. ஆலாபனையில் சொல்லவேண்டியதை எல்லாம் பதம் சொல்லிவிடும் என்பதால்தான், ராகம் பிடிபடவில்லை என்கிற மாணவருக்கு அந்த ராகத்தில் ஒரு பதத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முகாரி, ஆகிரி, கண்டா, சஹானா, உசேனி போன்ற ராகங்களை ஆரோகணம் அவரோகணம் வைத்துப் பிடிக்க முடியாது, பதத்திலிருந்துதான் பிடிக்க முடியும்.

பதத்தின் காலம் சௌக்கம், அதாவது மெதுவான வேகம். பல பதங்கள் திஸ்ர திரிபுடையில் இருக்கின்றன. 3+2+2, ஆக 7 அட்சரம் (தாள எண்ணிக்கை); ஏழும் சேர்ந்தால் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று. ஓர் அட்சரத்துக்கு ஒன்றேகால் வினாடி என்று வைத்தால், ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒன்பது வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இந்த இடத்தில்தான் முதல் தவறு. 7 என்றால் 7தானே என்று மிச்ர சாப்பு (3+4 என்று போகும் தாளம்) போட்டுப் பாடுகிறார்கள். சாப்புத் தாளத்துக்கு உள்ளேயே ஓர் உந்துதல் இருக்கிறது. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் அது நொண்டி நொண்டி முன்னால் தள்ளும். மிருதங்கக்காரரும் அதற்கேற்ப நடை வாசிக்க ஆரம்பித்துவிடுவார். பதத்தில் பேசுகிறவள் ஒரு நாயகி; அவள் பேசவேண்டிய நிதானம் போய்விடும். திரிபுடையாக, விரல் எண்ணி, வீச்சு வைத்துப் போடுங்கள். காலம் தானாக நிற்கும்.

இரண்டாவது, எடுக்கும் இடம். வீணை தனம்மாள் (1867–1938) குடும்பத்து மரபில் பதத்தை அனுபல்லவியிலிருந்து எடுத்துப் பிறகு பல்லவிக்கு வருவார்கள். பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி வழியாக இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பாணி இது. ஏன் அப்படி? அனுபல்லவி பெரும்பாலும் மேல் ஸ்தாயியில், சூழலைச் சொல்லும். பல்லவி கீழே, சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லும். மேலேயிருந்து இறங்கி வந்து பல்லவியில் உட்காரும்போது அந்த வாக்கியத்துக்குக் கனம் கூடும். ஒவ்வொரு தடவை பல்லவிக்குத் திரும்பும்போதும் அதே சொல் வேறு அர்த்தத்தில் விழும். அபிநயத்துக்காக வைத்த அமைப்பு இது. ஆடுபவர் இல்லாத மேடையில் பாடகரின் குரல்தான் ஆடவேண்டும்.

மூன்றாவது, சங்கதி, அதாவது ஒரே வரியை மெட்டு மாற்றி மாற்றிப் பாடுவது. கீர்த்தனையில் ஒரு வரிக்கு எட்டு சங்கதி அடுக்கலாம். பதத்தில் அடுக்கக்கூடாது. சங்கதி கூடக் கூட அந்தப் பெண் பேசுவது நின்று பாடகர் பேசுவது ஆரம்பித்துவிடும். ஸ்வரம் பாடுவதும் நிரவல் (ஒரு வரியைக் கற்பனையாக விரிப்பது) செய்வதும் கேட்கவே வேண்டாம். மாற்றவேண்டியது கமகத்தின் (ஸ்வர அசைவின்) அளவையும் சொல்லின் அழுத்தத்தையும்தான்.

மூச்சு பற்றி ஒரு வார்த்தை. ஒரு வரி இரண்டு ஆவர்த்தனம் என்றால் பதினேழு பதினெட்டு வினாடி. இரண்டு மணி நேரம் பாடிய குரலுக்கு அது ஒரு மூச்சில் வராது, வரவேண்டியதும் இல்லை. எங்கே மூச்சு எடுப்பது என்பதை வீட்டிலேயே பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் நடுவில் எடுக்கக்கூடாது. வேற்றுமை உருபுக்கு முன்னாலும் கூடாது. கார்வையில் (ஸ்வரத்தை நீட்டுவதில்) நின்று, அந்தக் கார்வை தேய்ந்து மறைந்த பிறகு எடுத்தால் அதுவே பாவமாகிவிடும். திணறி எடுத்தால் திணறலாகத்தான் கேட்கும்.

ஜாவளி பதத்தின் துரித வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. இது 19ஆம் நூற்றாண்டு. தர்மபுரி சுப்பராயர், முத்திரை 'தாலவனேச' வைத்த பட்டாபிராமய்யா, பட்டணம் சுப்பிரமணிய ஐயர், ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார் ஆகியோர் செய்திருக்கிறார்கள். தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களில் மைசூர் போன சின்னையாவும் செய்திருக்கிறார். பதத்தின் நாயகி நேரே சொல்லத் தயங்குவாள், தோழியை விட்டுச் சொல்வாள். அவளுக்குப் பின்னால் ஜீவாத்மா பரமாத்மா என்ற திரையும் தொங்கும். ஜாவளியின் நாயகி நேருக்கு நேர் கேட்டுவிடுவாள். மெட்டு முந்திக்கொண்டு வரும், சொல் பின்னால் ஓடிவரும். காபி, பெஹாக், கமாஸ், பரஸ் போன்ற ராகங்கள், மத்யமகாலம், ஆதி அல்லது ரூபகம். தர்மபுரி சுப்பராயரின் 'ஸ்மர சுந்தராங்குனி' பரஸில் இருப்பதைக் கேட்டால் இந்த நடை உடனே புரியும்.

ஜாவளியில் கைதவறும் இடம் அன்னிய ஸ்வரம், அதாவது ராகத்துக்குச் சொந்தமில்லாமல் வந்துபோகும் ஸ்வரம். காபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸரிமபநிஸ, ஸநிதநிபமகரிஸ என்பது அதன் போக்கு. சாதாரண காந்தாரம்தான் வீட்டுக்காரர். அந்தர காந்தாரம் விருந்தாளி. 'பமகம' என்ற பிடியில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகவேண்டும். இனிமையாக இருக்கிறதே என்று அதில் கார்வை கொடுத்து நின்றால், கேட்பவர் காது அடுத்த நொடி கமாஸை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். பெஹாக்கும் இதே கதைதான். சுத்த மத்யமம்தான் ஆதாரம். பிரதி மத்யமம் பஞ்சமத்தை ஒட்டி வரும். 'பமகமக' என்று இறங்கும்போது முதல் மத்யமம் பிரதி, இரண்டாவது சுத்தம். இரண்டையும் பிரதியாகப் பாடினால் பெஹாக் கல்யாணியின் பக்கம் சாயும். இரண்டையும் சுத்தமாகப் பாடினால் உப்பில்லாத சாப்பாடு.

விருத்தம் என்பது ஒரு செய்யுளை ராகத்தில் விரித்துப் பாடுவது; அதற்குத் தாளம் கிடையாது. அதனாலேயே எளிது என்று எண்ணி, பழகாமல் மேடையில் எடுப்பவர்கள் அதிகம். அபிராமி அந்தாதியின் 'தனம் தரும் கல்வி தரும்' பாட்டை வைத்துப் பார்ப்போம். கட்டளைக் கலித்துறை, நாலு வரி.

தனம்தரும் கல்வி தரும்ஒரு நாளும் தளர்வறியா
மனம்தரும் தெய்வ வடிவும்தரும் நெஞ்சில் வஞ்சம்இல்லா
இனம்தரும் நல்லன எல்லாம்தரும் அன்பர் என்பவர்க்கே
கனம்தரும் பூங்குழ லாள்அபி ராமி கடைக்கண்களே.

முதல் வரியை அச்சில் இருக்கிறபடி முடித்து 'தளர்வறியா' என்பதில் ராகத்தை விரித்தால், எது தளர்வறியாதது என்று தெரியாமலே கேட்பவர் காத்திருக்கவேண்டும். அடுத்த வரியின் முதல் சொல்லான 'மனம் தரும்' வரை போய்த்தான் நிற்கவேண்டும். 'வஞ்சம் இல்லா – இனம் தரும்' என்பதும் அப்படியே. இதைவிட மோசம், சீரை வைத்துப் பிரித்து 'கல்வி தரும் ஒரு நாளும்' என்று நிறுத்துவது. கல்வி ஒரு நாளும் தரும் என்று பொருள் கெட்டுவிடும். 'ஒரு நாளும் தளர்வறியா மனம்' என்பது பிரிக்கமுடியாத ஒரு துண்டு. இத்தனையையும் தருவது எது என்ற எழுவாயோ கடைசி வரியின் கடைசியில், 'கடைக்கண்களே' என்று வருகிறது. ஆகவே முதல் மூன்று வரிகளில் ராகத்தை முடித்து வைக்கக்கூடாது. ரிஷபத்திலோ பஞ்சமத்திலோ தொங்கவிட்டு, கடைக்கண்களில்தான் ஷட்ஜத்துக்கு வரவேண்டும். யாப்பு ஒரு கணக்கு, பொருள் இன்னொரு கணக்கு. விருத்தம் பாடுகிறவர் இரண்டாவதைப் பின்பற்றவேண்டும்.

ராகமாலிகையாகப் பாடினால் வரிக்கு ஒரு ராகம் போதும், மூன்று நாலு ராகத்துக்கு மேல் வேண்டாம். அடுத்து வரப்போகும் பாட்டின் ராகம் விருத்தத்தின் கடைசி ராகமாக இருக்கவேண்டும். ராகம் மாறும்போது இரண்டுக்கும் பொதுவான ஒரு ஸ்வரத்தில் நின்று மாறினால் வயலின்காரர் தடுமாறமாட்டார். அவர் உங்கள் பின்னால் அரை அடி தூரத்தில் வந்துகொண்டிருக்கிறார் என்பது நினைவிருக்கட்டும்.

திருப்புகழில் தாளம் சந்தத்திலேயே இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் 'முத்தைத்தரு பத்தித் திருநகை' பாட்டுக்குச் சந்தம் 'தத்தத்தன தத்தத் தனதன'. மெட்டு எதுவாக இருந்தாலும் இந்த எலும்புக்கூடு தெரியவேண்டும். இங்கே வாயில் நடப்பதைக் கவனியுங்கள். 'தத்த' என்பதில் த் என்ற வல்லொற்று. அங்கே காற்று அடைபடுகிறது, நீட்ட முடியாது. 'தந்த' என்ற சந்தத்தில் ந் மெல்லொற்று. மூக்கு வழியாக ஒலி தொடரும், கொஞ்சம் இழைக்கலாம். கமகம் போடுகிற ஆசையில் வல்லொற்றுக்கு முன்னால் உள்ள குறிலை இழுத்தால் 'முத்தை' என்பது 'மூத்தை' ஆகிவிடும். சந்தமும் போச்சு, பொருளும் போச்சு. சந்தத்தை முதலில் தாளத்தோடு, ஸ்வரமே இல்லாமல், வெறும் 'தத்தத்தன' என்று பத்துத் தடவை சொல்லிவிட்டுச் சொற்களுக்குப் போங்கள். காஞ்சிபுரம் நாயினா பிள்ளை (1889–1934) கடினமான தாளங்களில் திருப்புகழ் பாடிப் பெயர்பெற்றவர். லயப் பிடிப்பு இல்லாதவர் தொடக்கூடாத இடம் இது என்று அவரைக் கேட்ட தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

காவடிச்சிந்துக்கு வேண்டியது கால். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) கழுகுமலை முருகன்மீது பாடியவை. ஊற்றுமலை ஜமீன் ஆதரவில் வளர்ந்தவர். காவடி தூக்கி நடக்கிற அடிக்குத் திஸ்ர நடை (மும்மூன்றாகப் போகும் நடை) தானாக வந்துவிடுகிறது. பாடும்போது பிருகா (வேகமான ஸ்வர உருட்டல்) சேர்த்தால் நடப்பவர் தடுக்கி விழுவார், அவ்வளவுதான். நந்தனார் சரித்திரம் நேர் எதிர். கோபாலகிருஷ்ண பாரதியின் 'வருகலாமோ' மாஞ்சி ராகத்தில் ஒரு விண்ணப்பம். கோயில் வாசலில் நிற்கத் தயங்குகிறவன் கேட்கும் கேள்வி. அதை உரத்துப் பாடுவதே பிழை. அபங்கத்துக்கு உச்சரிப்புதான் முதல் பாடம். மராத்தியின் ளகரம் நம் ளகரமே, அது லாபம். ஆனால் 'விட்டல' என்பதில் டகரம் மூச்சோடு வரும் எழுத்து. நாம் மூச்சில்லாமல் 'விட்டல்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

தில்லானாவுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் மெலட்டூர் வீரபத்ரய்யா முன்னோடி என்று சொல்வார்கள். சுவாதித் திருநாளின் (1813–1846) தனஸ்ரீ தில்லானா இன்றும் ஆடல் மேடையில் உயிரோடு இருக்கிறது. மகா வைத்தியநாத ஐயர் (1844–1893) கானடாவில் 'கௌரீநாயக' என்ற தில்லானாவைச் சிம்மநந்தன தாளத்தில் அமைத்தார். ஓர் ஆவர்த்தனத்துக்கு 128 அட்சரம். இதைத் துக்கடா என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. நம் காலத்தில் லால்குடி ஜெயராமனும் (1930–2013) பாலமுரளிகிருஷ்ணாவும் (1930–2016) தில்லானாவுக்குப் புது முகம் கொடுத்தார்கள். லால்குடியின் மோகனகல்யாணி, தேஷ், வாசந்தி. பாலமுரளியின் பிருந்தாவனி, குந்தலவராளி.

அமைப்பு எளிது: பல்லவி, அனுபல்லவி இரண்டும் ஜதி (தாளச் சொற்கட்டு); சரணத்தில் இரண்டு மூன்று வரி சாகித்யம், பிறகு மறுபடி ஜதியோ ஸ்வரமோ. 'தீம் தனன', 'நாதிர்தானி', 'உதனதோம்' போன்ற சொற்களுக்கு அகராதிப் பொருள் கிடையாது. உச்சரிப்புதான் அவற்றின் பொருள். சிக்கல் எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்கு. ஆதி தாளம், 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக 32. எடுப்பு ஒன்றரை அட்சரம் தள்ளி என்றால் சமத்திலிருந்து (ஆவர்த்தனத்தின் தொடக்கத்திலிருந்து) 6 மாத்திரை தள்ளிப் பல்லவி ஆரம்பம். சமத்தில் ஒரு கோர்வையை (கணக்கிட்டு முடிக்கும் ஜதித் தொடரை) தொடங்கி அடுத்த ஆவர்த்தனத்தின் எடுப்பில் முடிக்கவேண்டும் என்றால் 32+6, மொத்தம் 38 மாத்திரை. 'ததிங்கிணதொம்' 5 மாத்திரை. அதை மூன்று தடவை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இங்கே இடைவெளி) விட்டுச் சொன்னால் 5+2+5+2+5, பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதை இரண்டு தடவை, இடையில் கார்வை இல்லாமல் சொன்னால் முப்பத்தெட்டு. சரியாக வந்து விழும்.

எங்கே கெடும்? முதல் பத்தொன்பது முடிந்ததும் பழக்க தோஷத்தால் அங்கேயும் இரண்டு மாத்திரை விடுவார்கள். நாற்பது ஆகிவிடும்; எடுப்பு அரை அட்சரம் தாண்டிப்போகும். அதைச் சமாளிக்கப் பல்லவியைக் கொஞ்சம் வேகமாக எடுப்பார்கள். அங்கிருந்து காலம் ஓட ஆரம்பிக்கும். முடிக்கும்போது ஆரம்பித்ததைவிட இரண்டு படி ஏறியிருக்கும். மருந்து பழையதுதான். மெட்டை விட்டுவிட்டு, தாளம் போட்டு ஜதியை மட்டும் வாயால் சொல்லுங்கள். 'நாதிர்தானி'யில் தகரமும் தகரத்தை ஒட்டி வரும் ரகரமும் தெளிவாக விழும் உச்ச வேகம் எது என்று கண்டுபிடியுங்கள். மேடையில் அதற்கு ஒரு படி குறைவாக எடுங்கள். சரணத்து சாகித்யத்தில் மட்டும் மூச்சு விட்டு, பாவத்தோடு பாடுங்கள். தில்லானாவில் மனிதன் பேசும் இடம் அந்த மூன்று வரிதான்.

இப்போது ஒரு நடைமுறை விஷயம், பலரும் கவனிக்காதது: மத்யம சுருதி. குறிஞ்சி, செஞ்சுருட்டி, நவரோஜ், புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்கள் மேல் ஷட்ஜத்தைத் தொடுவதில்லை. செஞ்சுருட்டி நிஷாதத்தோடும் குறிஞ்சி தைவதத்தோடும் நின்றுவிடும். நவரோஜ் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடுப் பஞ்சமம் வரை. வழக்கமான சுருதியில் பாடினால் எல்லாம் கீழேயே கிடக்கும், கூடத்தின் கடைசி வரிசைக்குப் போகாது. அதனால் தம்புராவில் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கி, அந்த மத்யமத்தையே ஷட்ஜமாக வைத்துப் பாடுவது மரபு. 1 கட்டை சுருதியில் பாடுகிறவருக்கு ஆதார ஷட்ஜம் 4 கட்டை ஆகிறது. குறிஞ்சியின் கீழ் நிஷாதத்திலிருந்து தைவதம் வரையான வீச்சு, பழைய கணக்கில் நடு காந்தாரத்திலிருந்து மேல் ரிஷபம் வரை போகும். குரலின் நல்ல பகுதி அது.

மிருதங்கத்துக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. பழைய ஷட்ஜம் புதிய ஆதாரத்துக்குப் பஞ்சமமாகிவிடுவதால் வலந்தலை (மிருதங்கத்தின் வலப்பக்கம்) இணக்கமாகவே ஒலிக்கும். வயலின்காரருக்குத்தான் கஷ்டம். ஸ-ப-ஸ-ப என்று கூட்டிய தந்தியில் இரண்டு பஞ்சமத் தந்திகளும் இப்போது ரிஷபம். திறந்த தந்தியை நம்பி வாசிக்கமுடியாது. எனவே அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை, அவசியமும் கூட. மின்தம்புரா என்றால் ப-விலிருந்து ம-வுக்கு மாற்றிவிட்டு, உடனே பாட ஆரம்பிக்காமல் ஐந்தாறு வினாடி விடுங்கள். உங்கள் காதும் சபையின் காதும் புதிய ஷட்ஜத்துக்குப் பழகட்டும்.

வரிசை வைப்பதில் என் சிபாரிசு: தனி முடிந்த கையோடு பதத்தை எடுக்காதீர்கள். காதில் இன்னும் தனியை முடித்த தாளக் கணக்குகளான மோராவும் கோர்வையும் அதிர்ந்துகொண்டிருக்கும், கான்டீன் போனவர்களும் திரும்பி வந்து நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள். முதலில் விருத்தம், தாளமே இல்லாத நாலைந்து நிமிடம் கூடத்தைத் துடைத்துக் கொடுக்கும். பிறகு அதே ராகத்தில் ஒரு பாட்டு, அதன்பின் பதம் அல்லது ஜாவளி. இரண்டையும் அடுத்தடுத்துப் பாடினால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். காபிக்குப் பக்கத்தில் தேஷ், பெஹாக்குக்குப் பக்கத்தில் ஹமீர்கல்யாணி வேண்டாம். பாட்டு கேட்டு ரசிகரிடமிருந்து சீட்டு வந்தால், அந்தப் பாட்டு பாடமாக இருந்தால் மட்டும் பாடுங்கள். துக்கடாவில் தடுமாறினால் சமாளிக்க ஆலாபனையும் இல்லை, ஸ்வரமும் இல்லை. தில்லானாவுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள், நேரம் போய்விட்டால் பல்லவி மட்டும் பாடி நிறுத்துவதைவிட அதை விட்டுவிடுவதே மேல்.

மங்களம் பெரும்பாலும் தியாகராஜரின் 'நீ நாம ரூபமுலகு', சௌராஷ்டிரம். நடுவில் செஞ்சுருட்டிக்காகவோ குறிஞ்சிக்காகவோ சுருதியை மத்யமத்துக்கு மாற்றியிருந்தால், அந்தப் பாட்டு முடிந்த உடனேயே பஞ்சமத்துக்குத் திருப்பிவிடுங்கள். கைதட்டலில் மறந்துபோய், மங்களத்தின் முதல் வரியில் நாலு கட்டைக்கு ஏறிக்கொண்டு திண்டாடுவது மேடைகளில் அடிக்கடி நடப்பதுதான்.